ஏற்காடு ஏரியில் ஒரு கடற்காகம்

பார்த்த மாத்திரத்தில் அந்த மூன்று படங்களையும் நான் நம்பவில்லை.

கார்த்திகை மாசம். கடலோரத்தில் புயல் கரையைக் கடந்து நாலு நாள் ஆகியிருந்தது. எங்கள் மலையில் மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டராக இருக்கிறேன். காலையில் ஆட்களுக்குப் பேர் போட்டு, யார் எந்தப் பக்கம் பழம் பறிக்கப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பிவிட்டால், பத்து மணிக்கு மேல் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த நேரத்தில்தான் போனைத் திறந்து பறவைப் பதிவுகளைப் பார்ப்பேன்.

பறவை பார்க்கிறவர்கள் எங்கே, எப்போது, எதை, எத்தனை பார்த்தோம் என்று எழுதிவைக்க ஒரு தளம் இருக்கிறது. மைனா, கொண்டைக்குருவி மாதிரியானவை தானாகப் பதிவாகிவிடும். அந்த ஊரில் இருக்கவே வாய்ப்பில்லாத பறவையை யாராவது எழுதினால் பதிவு அப்படியே நிற்கும். உள்ளூர் ஆள் ஒருவர் பார்த்து சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். சேர்வராயன் மலைக்கு அந்த ஆள் நான். நாலு வருஷமாகச் செய்கிறேன். சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது. இல்லை என்று சொல்லி நிறையப் பேரின் வருத்தத்தைச் சம்பாதித்திருக்கிறேன்.

அன்றைக்கு நின்றிருந்த பதிவு இதுதான்: ஏற்காடு ஏரி, கருந்தலைக் கடற்காகம், ஒன்று.

பேரில்தான் காகம்; கடற்காகம் வெள்ளையான கடலோரப் பறவை. எங்கள் ஊரிலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றிச் சேலத்துக்கு இறங்கி, அங்கே பஸ் மாறிப் போனால் கடலைப் பார்க்க அரை நாளுக்கு மேல் ஆகும். அனுப்பியவர் பேர் புதிது. அந்த வாரம்தான் கணக்கையே தொடங்கியிருக்கிறார். ஊர் வெள்ளக்கடை என்று போட்டிருந்தது. வெள்ளக்கடையில் பறவை பார்க்கிறவர் யாரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் பறவை தண்ணீரில் மிதக்கிறது. ஒன்றில் பறக்கிறது. மூன்றாவதில் பாதி உடம்பு வெட்டுப்பட்டுத் திரும்புகிறது. மூன்றிலும் பின்னால் தண்ணீர் மட்டும்தான். மரம் இல்லை, கரை இல்லை, போட் இல்லை. ஏற்காடு ஏரி எவ்வளவு பெரிது? எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் எதிர்க்கரை மரமோ, பெடல் போட்டின் மஞ்சள் மூக்கோ படத்துக்குள் வந்துவிடும். இதில் எதுவுமே இல்லை. இன்னொன்று, ஒரு படத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாலு நாளாக நான் வெயிலையே பார்க்கவில்லை.

இதையெல்லாம் விட ஒரு விஷயம் உறுத்தியது. படத்தின் மேல் மெல்லிய கோடுகள் ஓடின, சன்னமான சேலைக்கரை மாதிரி. கம்ப்யூட்டர் திரையில் தெரிகிற படத்தைப் போனால் எடுத்தால் அப்படித்தான் கோடு விழும். எடுத்த நேரம், கேமரா விவரம் எதுவும் படத்தோடு வரவில்லை. ஆக, யாரோ எங்கோ எடுத்த படம். இணையத்திலிருந்து எடுத்து ஏற்காடு என்று எழுதிவிட்டிருக்கிறார் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

அதோடு பறவையின் பேரும் தப்பு. பறக்கிற படத்தில் இறக்கையின் நுனி நன்றாகக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்புக்குள்ளே வெள்ளைப் பொட்டு மாதிரி ஏதோ தெரிந்தது. அது பழுப்புத் தலைக் கடற்காகத்தின் அடையாளம். பேரையே ஒழுங்காகப் போடத் தெரியாதவர் பறவையை எங்கே பார்த்திருக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மலையில் இருந்துகொண்டு கடற்காகம் பற்றி எனக்கு இவ்வளவு தெரிவது எப்படி என்று கேட்பீர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கோடியக்கரைப் பக்கம் போனோம். கரையில் நூற்றுக்கணக்கில் வெள்ளைப் பறவைகள் உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒன்றே போல இருந்தன. பக்கத்தில் நின்ற ஒருவர், "இதுல மூணு தினுசு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எந்த மூன்று என்று சொல்லவில்லை. அது என்னைப் பிடித்துக்கொண்டது. எஸ்டேட்டில் நூறு மூட்டை காபியில் கலப்படம் எது என்று கண்டுபிடிக்கிற எனக்கு இது தெரியவில்லையே என்று ஒரு ஆத்திரம். அடுத்த வருஷம் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். அதிலிருந்து தை மாசம் நாலு நாள் லீவு போட்டுக் கடலுக்குப் போவேன். பழவேற்காடு, கோடியக்கரை என்று மாற்றி மாற்றி. மற்றவர்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, நான் ஈர மணலில் குப்புறப் படுத்து இறக்கை நுனியைப் படம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

கடற்காகத்தில் ஒரு சங்கடம் உண்டு. கருந்தலை, பழுப்புத் தலை என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, நம் கரைக்கு வருகிற மாதங்களில் பெரும்பாலும் இரண்டுக்கும் தலை வெள்ளையாகத்தான் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி. அவ்வளவுதான். இறக்கையை விரிக்கும்போதுதான் தெரியும். கருந்தலைக்கு இறக்கையின் முன்விளிம்பு வெள்ளையாக ஓடும், கறுப்பு ஓரத்தில் மட்டும். பழுப்புத் தலைக்கு நுனி முழுக்கக் கறுப்பு, அதற்குள் வெள்ளைப் பொட்டு. வளர்ந்த பறவையாக இருந்தால் கண்ணும் வெளிறியிருக்கும். ஒரு நொடியில் பார்த்துவிட வேண்டும். அதற்குள் மடக்கிவிடும்.

ஏமாற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் வேறு மலையில் எடுத்த குருவியை எங்கள் மலையில் இருக்கிற கரடியூர் என்று போட்டார். கரடியூரில் காபிதான்; பின்னால் இருந்த தேயிலைச் செடி அவரைக் காட்டிக்கொடுத்தது. இன்னொருவர் கூண்டுப் பறவையைக் காட்டில் பார்த்ததாக எழுதினார். கம்பியின் நிழல் முதுகில் விழுந்திருந்தது. இப்படி இரண்டு பேரைப் பிடித்த பிறகு, எந்தப் படம் வந்தாலும் முதலில் பொய் எங்கே என்று தேடுகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அதை ஒரு திறமை என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் ஏரிக்குப் போனேன். ஒரு மணி நேரம் குடை பிடித்து நின்றேன். நீர்க்காகம் இரண்டு, கொக்கு நாலு. கடற்காகம் இல்லை. போட் ஹவுஸ் டிக்கெட் கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, இந்த வாரத்துல ஏரியில புதுசா வெள்ளைப் பறவை ஏதாச்சும் பாத்தீங்களா?"

"வெள்ளையாங்க? கொக்குதானுங்க தெனமும் நிக்குது."

"கொக்கு இல்லீங்க. புறாவாட்டம், அதவிடப் பெருசா, வாயும் காலும் செவப்பா இருக்கும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மழையில நாங்க வெளியிலயே வாறதில்லீங்க" என்றார்.

பதிவு அனுப்பியவர் தன் கணக்கில் போட்டிருந்த முகப்படத்தைப் போனில் காட்டினேன். தெரியும் என்றார். ஏரிக்கு மேலே இருக்கிற ஒரு ஹோட்டலில் துணி துவைக்கிற பிரிவில் வேலையாம். கீழே சேலத்துப் பக்கத்து ஆள். கல்யாணம் ஆகி வெள்ளக்கடையில் குடியிருக்கிறார். பக்கத்து டீக்கடைக்காரர் தானாக இன்னொரு தகவலும் கொடுத்தார்.

"போன மாசம் குடும்பத்தோட நாகப்பட்டினம் போயிட்டு வந்தாருங்க. ஏதோ கல்யாணமாமா."

எனக்கு அது போதுமாக இருந்தது. நாகப்பட்டினம் கரையில் கடற்காகம் காலில் மிதிபடும். அங்கே எடுத்த படத்தை இங்கே ஏற்றியிருக்கிறார். அப்போது அந்தக் கோடுகள் எதற்கு வந்தன என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு சந்தேகத்துக்குப் பொருந்துகிறதைப் பிடித்துக்கொண்டு, பொருந்தாததை ஒதுக்கிவிட்டேன்.

தளம் வழியாக அவருக்கு எழுதினேன்: "பின்னணி தெரிகிற படம் ஏதாவது இருந்தால் அனுப்ப முடியுமா? எந்தக் கேமராவில் எடுத்தீர்கள்?"

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "இல்லைங்க." கேமரா பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் வீட்டுக்காரர் டவுனில் ஹார்டுவேர் கடையில் இருக்கிறார். சாப்பிடும்போது இதையே பேசிக்கொண்டிருந்தேன்.

"ஏம்புள்ள, அவன் பொய்யே சொல்லட்டும். ஒரு பறவைதான? ஆருக்கு என்ன நட்டம்?" என்றார்.

"பொய்ய உட்டா அப்பறம் எல்லாமே பொய்யாப் போயிருமுங்க" என்றேன்.

"நீ அவனப் புடிக்கோணும்னே பாக்கற. பறவையப் பாக்கல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அந்த ஹோட்டலுக்குப் போனேன். அவரைப் பார்ப்பதுதான் என் எண்ணம். வரவேற்பில் மேனேஜர் இருந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். நான் நேராகச் சொல்லியிருக்கலாம். சுற்றி வளைத்தேன்.

"உங்க லாண்டரியில ஒருத்தரு கேமராவுல பறவை படமெல்லாம் எடுக்கறாராமாங்க?"

"லாண்டரியிலயா?" மேனேஜர் நிமிர்ந்தார். "அவங்கிட்டக் கேமரா ஏதுங்க?"

"எனக்கும் அதேதானுங்க சந்தேகம்" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் சொன்ன சந்தேகம் வேறு. அவர் எடுத்துக்கொண்ட சந்தேகம் வேறு. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்தும், ஆள் மாட்டிக்கொண்டான் என்று உள்ளுக்குள் ஒரு திருப்திதான் வந்தது. லாண்டரி ஆள் இன்றைக்கு ரொம்ப வேலையாக இருக்கிறார், பார்க்க முடியாது என்று சொல்லி மேனேஜர் என்னை அனுப்பிவைத்தார்.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு எஸ்டேட் ஆபீஸ் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. நனைந்த ஜெர்கின் போட்ட ஒருவர் இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். படத்தில் பார்த்த முகம்தான், ஆனால் சிரிப்பு இல்லை.

"நீங்கதானுங்களா ரைட்டரம்மா?"

"ஆமாங்க."

"ஏனுங்க, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனனுங்க?"

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட வாசப்படியிலேயே நின்று சொன்னார்.

ஹோட்டல் அறைகளில் யாராவது எதையாவது மறந்துவிட்டுப் போனால், லாண்டரிக்குள் இருக்கும் ஒரு பீரோவில் வைப்பார்களாம். சாவி இவரிடம். போன மாசம் ஒரு அம்மா பெரிய கேமரா ஒன்றை மறந்துவிட்டுப் போய்விட்டார். போன் செய்து சொன்னதற்கு, மறுபடி வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். கேமரா பீரோவிலேயே இருந்தது.

"துணி காயப்போட மேல மாடிக்குப் போவனுங்க. தகரம் போட்ட மாடி. அங்கிருந்து பாத்தா ஏரி நேராக் கீழ தெரியும். புயல் வந்த மறுநா அது வந்துச்சு. நானும் தெனம் பாத்துப் பாத்து, இதென்னடா இது, நம்மூருப் பறவை இல்லையேன்னு மனசு கேக்கலீங்க. கேமராவ எடுத்து நாலு படம் புடிச்சுட்டு, தொடச்சுத் திரும்ப வெச்சுட்டேன். எடுத்தது தப்புதானுங்க. நான் இல்லீங்கல. ஆனாத் திருடல."

மாடியிலிருந்து நேராகக் கீழே எடுத்தால் பின்னால் தண்ணீர் மட்டும்தான் இருக்கும். எனக்கு மெல்ல உறைத்தது. ஆனாலும் விடவில்லை.

"படத்துல கோடு கோடா இருக்குதுங்களே?"

"கேமராவுலருந்து போனுக்கு எப்புடி மாத்தறதுன்னு தெரியாதுங்க. அடுத்தவிங்க பொருளு. நோண்டுனாக் கெட்டுப்போயிருமோன்னு பயம். கேமராவுக்குப் பின்னாடி படம் தெரியுதில்லீங்களா, அதயே என்ற போனுல புடிச்சேன்."

"வெயிலு?"

"அன்னைக்கு ரெண்டு மணிக்குப் பத்து நிமிசம் அடிச்சுதுங்க. நானே போத்தி வெச்சிருந்த துணியெல்லாம் அந்தப் பத்து நிமிசத்துலதான் வெளிய தள்ளுனேன்."

அந்த நேரத்தில் நான் பழக் கிடங்குக்குள் இருந்திருப்பேன். அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை.

"போன மாசம் நாகப்பட்டினம் போயிருந்தீங்களாமா?"

அவர் என்னையே பார்த்தார்.

"அதையும் விசாரிச்சுட்டீங்களா? மச்சினி கல்யாணத்துக்குப் போனனுங்க. கடலயே பாக்கல. பந்திக்கு எல போட்டுட்டு அன்னைக்கே பஸ் ஏறிட்டம்." பிறகு சொன்னார்: "நேத்து மேனேஜரு பீரோவத் தொறந்து, கார்டுல இருந்த படத்தப் பாத்துட்டாரு. சாவிய வாங்கிட்டாரு. சொல்லியனுப்புற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னுட்டாரு. ஊட்டுல எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம இன்னைக்கும் டிபன் பாக்ஸோட கெளம்பி வந்திருக்கறனுங்க."

பைக்கின் பக்கப்பையில் டிபன் பாக்ஸ் துருத்திக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "பறவை இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் கேட்டேன்.

"காலையில போனா இருக்காதுங்க. எங்க போவுதோ தெரியல. மழைக்குப் போட் ஓட்டறத நிறுத்துனதுக்கு அப்பறம், ரெண்டு மணி மூணு மணி வாக்குல வரும். வாங்க, காட்டறேன். அப்பவாச்சும் நம்புவீங்களா பாப்போம்."

ஒன்றரை மணிக்கு மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் அவர் பின்னாலேயே போனேன். ஹோட்டலுக்குள் அவர் நுழைய முடியாது. அதனால் ஏரிக்கு மேலே போகிற ரோட்டில், ஒரு மதில் ஓரமாக நின்றோம். அவர் கொஞ்சம் தள்ளி நின்றார். போட்டுகளைக் கட்டிவிட்டிருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை. இரண்டே கால் ஆயிற்று. வராது, வந்திருக்கவே வந்திருக்காது, இப்போது ஏதாவது சாக்குச் சொல்லப் போகிறார் என்று எனக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தது. டிபன் பாக்ஸைப் பார்த்த பிறகும் அந்தக் குரல் ஓயவில்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அதா" என்றார்.

மூடுபனிக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று இறங்கியது. கேமராவைத் தூக்கினேன். கடற்கரையில் ஆயிரம் பார்த்திருக்கிறேன். அங்கே அது ஒரு கூட்டத்தின் ஒரு துண்டு. இங்கே தனியாக, நீர்க்காகங்கள் பயந்து விலக, சின்ன ஏரியை அகலமான கடல் என்று நினைத்துக்கொண்ட மாதிரி நிதானமாக ஒரு சுற்று வந்தது. திரும்பும்போது இறக்கையை விரித்தது. விடாமல் அழுத்தினேன். நுனி முழுக்கக் கறுப்பு. அதற்குள் வெள்ளைப் பொட்டு. சிவந்த அலகின் முனை கறுப்பு. பெரிதாக்கிப் பார்த்தால் கண் வெளிறித் தெரிந்தது.

"பழுப்புத் தலைங்க" என்றேன். "நீங்க கருந்தலைன்னு போட்டுட்டீங்க."

"கருந்தலைதானுங்களே?" என்றார். "நான் சும்மா போடலீங்க. ஒரு படத்தோட வெச்சு அச்சு அசலாப் பாத்துத்தான் போட்டேன்."

போனை எடுத்துத் தேடி என்னிடம் நீட்டினார். கடற்காகம் ஒன்று கரையிலிருந்து எழும்புகிற படம். கீழே கருந்தலைக் கடற்காகம் என்று எழுதியிருந்தது. எடுத்தவர் பேர் என் பேர்.

முதல் தடவை கேமராவோடு கடலுக்குப் போனபோது எடுத்த படம். அன்றைக்கு அடையாளம் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் ஏற்றினேன். கடலோரத்தில் இரண்டு வகையும் சாதாரணம் என்பதால் யாரும் நிறுத்தவில்லை, யாரும் கேட்கவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். இறக்கை நுனி கறுப்பு. உள்ளே வெள்ளைப் பொட்டு, யாருக்கும் தெரிகிற மாதிரி. அந்தத் தப்பைப் பார்த்துத்தான் இவர் தப்பாக எழுதியிருக்கிறார். அதைக் காட்டித்தான் இவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

"இது தப்புங்க" என்றேன். "தப்பு என்னுதுங்க."

அவர் போனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். நான் எடுத்த படங்களைக் காட்டினேன். பறவை நிஜம், அந்த ஆள் சொன்னது நிஜம், படம் எடுக்கத்தான் கேமராவைத் தொட்டார் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முந்தாநேத்து நீங்கதானுங்களே சந்தேகம்னு சொன்னீங்க?"

"சொன்னேனுங்க. நான் சொன்னது படத்தப் பத்தி. அதுவும் தப்பு."

"அப்ப இன்னைக்குச் சொல்றத எப்புடிங்க நம்பறது?" என்றார். பிறகு, "அவன் உங்களுக்குச் சொந்தமுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதையும் அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் நம் சொல்லுக்குப் பின்னால் வேறு என்ன இருக்கிறது என்று தேடுகிறார் என்பது தெரிந்தால், உண்மையைச் சொல்லும்போதே நாக்கு தடுமாறுகிறது. நான்கு வருஷமாக எத்தனை பேரை இப்படி உட்காரவைத்திருக்கிறேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

கடைசியில் கேமராவுக்குச் சொந்தக்கார அம்மாவுக்கே போன் போடச் சொல்லிக் கெஞ்சினேன். போட்டார். மேனேஜர் பேசியதை மட்டும்தான் நான் கேட்டேன். "ஆமாங்க மேடம்... இல்லீங்க, உடையல... பறவைங்க மேடம், ஏதோ பறவை..." நீளமாகப் போயிற்று. வைத்துவிட்டு, "கேமராவ கூரியர்ல அனுப்பச் சொல்லிட்டாங்க. புகாரெல்லாம் ஒண்ணும் வேண்டாமாமா" என்றார். அந்த ஆளைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலமே என் பழைய பதிவைத் திருத்தினேன். ஏரிப் பதிவை அனுப்பியவருக்கு, பறவையின் பேரை மட்டும் மாற்றும்படி எழுதினேன். மாற்றினார். சரி என்று ஒப்புக்கொண்டேன். சேர்வராயன் மலையில் கடற்காகம் பார்த்த முதல் பதிவு அவருடையது. அதற்குக் கீழே இரண்டாவதாக என்னுடையது.

எங்கள் பறவைக் குழுவில் உடனே பேச்சு ஆரம்பித்தது. மலையில் கடற்காகமா? அனுப்பியவர் புது ஆள், சரிபார்த்தவரே இரண்டாவதாகப் பார்த்த ஆள், இது எப்படி என்று ஒருவர் கேட்டார். அஞ்சு வருஷம் கவனிக்காத தப்பை இந்த வாரம் எப்படிக் கவனித்தீர்கள் என்று இன்னொருவர். என் மற்றக் கடலோரப் படங்களையும் யாராவது ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று மூன்றாமவர். பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள். இன்னும் ஒரு தப்பு அகப்பட்டது. அது ஒரு ஆலா, கடற்காகத்துக்கு உறவான இன்னொரு கடலோரப் பறவை. அதையும் திருத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கடைக்குப் போனேன். விசாரித்துக் கண்டுபிடித்தேன். வீட்டு வாசலில் அவர் சம்சாரம் தக்காளிக் கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். எழுந்திருக்கவில்லை.

"நீங்கதானா அது?" என்றார்.

"ஆமாங்க. அவரப் பாக்கோணுமுங்க."

"எதுக்குங்க? இன்னும் ஏதாச்சும் விசாரிக்கோணுமா?"

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். சொல்லும்போது எனக்கே அது பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. அவர் கூடையிலிருந்து அழுகின தக்காளி ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார்.

"மூணு நாளு டிபன் கட்டிக் குடுத்தனுங்க. மூணு நாளும் வாங்கிட்டுப் போனாரு. எங்க உக்காந்து தின்னாரோ தெரியல. நாலாவது நாள்தான் எனக்கே சொன்னாரு. நீங்க ஆபீஸ்ல இருக்கறவிங்க. ஒரு வார்த்த அவருகிட்ட நேராக் கேட்டிருக்கலாமில்லீங்களா?"

கேட்டிருக்கலாம். எத்தனை பேரிடமோ கேட்டேன். அவரிடம் எழுத்தில் இரண்டு கேள்வி கேட்டதோடு சரி.

பேச்சுக் குரல் கேட்டு அவர் உள்ளேயிருந்து வந்தார். ஹோட்டலில் கூப்பிட்டுவிட்டார்களாம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். பீரோ சாவி இனி இவரிடம் கிடையாது. மாடி வேலையும் இல்லை. கீழே இஸ்திரி போடுகிற அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

"கீழ ஜன்னல் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குது. ரோட்டப் பாத்தாப்புல."

புதிது வாங்கின பிறகு என் பழைய கேமரா சும்மாதான் இருக்கிறது, கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் சம்சாரம் முந்திக்கொண்டார்.

"வேண்டாமுங்க. அடுத்தவிங்க கேமரா இந்த ஊட்டுக்குள்ள வரவே வேண்டாம்."

அவர் மறுத்துப் பேசவில்லை. காபி சாப்பிடுகிறீர்களா என்று அவரே கேட்டார். சம்சாரம் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துக் காபி வந்தது. சர்க்கரை இல்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே போடவில்லையா என்று யோசித்துக்கொண்டே முழுக்கக் குடித்தேன்.

ஸ்கூட்டி வரைக்கும் அவர் கூட வந்தார். வீட்டிலிருந்து குரல் எட்டாத தூரம் வந்ததும் கேட்டார்.

"அது இருக்குதுங்களா இன்னும்?"

"வெள்ளிக்கெழம வரைக்கும் பாத்தனுங்க. நேத்து மூணு மணி வரைக்கும் நின்னேன். வரல."

அவர் தலையை ஆட்டினார். "நேத்துப் பளிச்சுனு வெயிலு. வானம் தெளிஞ்சாப் போயிரும்னு நெனச்சேன்" என்றார். "கெழக்கால போயிருக்குமுங்களா?"

"அப்புடித்தான் இருக்கோணுமுங்க."

"போய்ச் சேந்திருக்குமா?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார், நான் நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. பிறகு, "ரோடு வழுக்கும், பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.